ஏழு விநாடி

பயிற்சியின் முதல் நாள்
சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு பெயர்ச்சீட்டும்
ஆறிய காபியும் கொடுத்தார்கள்.
என் பெயருக்குக் கீழே
கற்பித்தல் துணை என்று அச்சாகியிருந்தது.
போன மாதம் வரை
தார்த்து ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர்.
வண்டி நான்கு நிமிடம் பிந்தினால்
ஊருக்கே மன்னிப்புக் கேட்கும் குரல்
என்னுடையது.

ஜன்னலுக்கு வெளியே எமாயிகி உறைந்து கிடந்தது.
நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு
யாருக்கும் தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

நாங்கள் நால்வர்.
ஊர்வே, நூலகத்தில் பத்தொன்பது ஆண்டு;
படிவத்தில் காற்புள்ளி இடம் மாறினால்
பல்வலி வந்தவள்போல முகம் சுளிப்பாள்.
ஹெல்துருக்கு ப்ரொஜெக்டர்கள்.
ரஸ்முஸுக்கு சப்டைட்டில்கள்.
"ஐந்து நிமிடம்.
தெரிந்த எதையாவது எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள்"
என்றாள் பயிற்சி நடத்திய லீவிகா.

ஹெல்துர் கேபிள் சுருட்டக் கற்றுக்கொடுத்தார்.
ஒரு சுற்று மேலாக, ஒரு சுற்று கீழாக.
"முறுக்கிச் சுருட்டினால் மனதில் வைத்திருக்கும்.
அவசரத்தில் அவிழ்க்கும்போது
பழி தீர்க்கும்."
அன்று உருப்படியாகக் கற்றது
அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

ரஸ்முஸ் மண்ணியல் வகுப்பின் பதிவு ஒன்றைப் போட்டான்.
எங்கள் மொழியில்
முல்ட் என்றால் மண், குல்ட் என்றால் பொன்.
இயந்திரத்தின் காதில் மணி நேரம் முழுக்கப் பொன்தான்.
ஈரப் பொன்னில் புழு நன்றாக வளரும்.
மழை கூடினால் பொன் அரித்துப் போகும்.
கொஞ்சம் பொன்னை எடுத்து முகர்ந்து பாருங்கள்.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
திருத்தாமல் விட்டுவிடலாமே என்றாள்
ஊர்வே, அந்த ஊர்வேதான்.

பிற்பகல் பாடம்:
கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடுவது.
ஏழு விநாடி.
என் முறை வந்தது.
"இந்த நகரத்தில் எத்தனை பாலங்கள்?"
ஒன்று. இரண்டு. மூன்று.
நிலையத்தில் மூன்று விநாடி மௌனம் என்றால்
மைக் செத்துவிட்டது என்று பொருள்.
நானே பதில் சொன்னேன்.
அதுவும் தப்பான பதில்.

மார்ச்சில்
பேராசிரியர் பிஹ்லக்கின் வகுப்பு,
கடைசி வரிசை, மடியில் படிவம்.
அவர் கேட்ட கேள்விகள் பதினொன்று.
பதில்கள் பதினொன்று, எல்லாம் அவருடையவை.
இடைவெளியை போனில் அளந்தேன்.
ஒன்றரை விநாடி.

பின்னாலிருந்து பார்த்தால் முகங்கள் இல்லை,
தோள்கள்தான்.
பேசப்போகிறவருக்குத் தோள்
ஓர் அங்குலம் எழும்.
மூன்றாம் வரிசையில் ஒரு பச்சை ஸ்வெட்டர்
எழுந்தது, இறங்கியது.
எழுந்தது, இறங்கியது.
இன்னொரு முறை.
அதன் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

நல்லது கெட்டது சொல்லக் கூடாது,
கண்டதைச் சொல், பிறகு கேள்:
லீவிகாவின் விதி.
சொன்னேன். பதினொன்றையும், ஸ்வெட்டரையும்.
கேட்டேன்:
"அவளுக்கு என்ன சொல்ல இருந்திருக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
ஒன்று.
ரேடியேட்டர் கனைத்தது. இரண்டு.
அவர் சட்டைக் கையில் சாக்பீஸ் தூள்,
தட்டிவிடவில்லை. மூன்று.
நான்கு. என் நாக்கின் நுனியில்
பழைய வேலை வந்து நின்றது:
தாமதத்திற்கு வருந்துகிறோம்.
ஐந்து.
அவர் தோள் எழுந்தது.

அந்த நேரம் பார்த்து
"சும்மா ஒரு குறிப்புதான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்"
என்று சொல்லித் தொலைத்தேன்.

இறங்கியது.
"நன்றி, பயனுள்ளதாக இருந்தது" என்றார்,
கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

படிவத்தின் கடைசிக் கட்டம்:
அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்?
வீடு திரும்பும் வழியில், பாலத்தின் நடுவில் நின்று
கையுறையைப் பல்லால் கழற்றினேன்.
கீழே பனிப்பாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
புறப்பட்டிருந்தன.
எழுதினேன்:

ஆறு

முற்றுப்புள்ளி வைக்கவில்லை.
ஊர்வே பார்த்தால் கேட்பாள்.