நாலங்குல ஆணி

ஒரே தகரத்தின் கீழ் இரண்டு வீடு,
நடுவில் பலகைச் சுவர்.
வீட்டுக்காரர் அந்தப் பக்கம் தும்மினால்
இந்தப் பக்கம் இஞ்ஞாசி
‘நூறு’ என்று முணுமுணுப்பான், பழக்கதோஷம்.

ஒப்பந்தத்தில் ஏழாவது வரி: மாட்டிறைச்சி கூடாது.
எட்டாவது: சுவரில் ஆணி கூடாது.
குன்னூரில் வேறு வீடு கிடைக்காத மாதத்தில்
கையெழுத்துப் போட்டோம்.

வாசனைக்கு வழி உண்டு.
கதவிடுக்கில் ஈரத் துண்டு,
பக்கத்து அடுப்பில் கொதிக்கும் தைல இலை,
கேட்டால் சளி.
சத்தத்துக்குத்தான் வழியில்லை.
தட்டி மெலிக்காமல் பொரித்தால் அது செருப்பு.

ஆகவே மழைக்குக் காத்திருந்தோம்.
மிளகும் வினிகரும் பூசி
கிண்ணத்தில் கிடந்தன நாலு துண்டு.
லாம்ஸ் ராக் பக்கம் கறுக்கிறதா என்று
ஜன்னலில் நின்றான் இஞ்ஞாசி,
பத்து ஏக்கர் விதைத்தவன் மாதிரி.

மூன்றரைக்கு வந்தது.
முதலில் எண்ணக்கூடிய சொட்டுகள்.
பிறகு தகரத்தின் மேல்
யாரோ ஒரு லாரி ஜல்லியைக் கவிழ்த்தார்கள்.
அம்மிக் குழவியை எடுத்தேன்.
பாலித்தீன் உறைக்குள் இறைச்சி
அடிக்கு அடி அகன்று கொடுத்தது.
ஒன்று, இரண்டு, மூன்று துண்டு முடிந்து
நான்காவதன் நடுவில்
குழவி மேலே போனபோது மழை இருந்தது
கீழே வந்தபோது இல்லை.

டொம்.

பலகைக்கு அப்பால் டிவி சத்தம் குறைந்தது.
“என்னம்மா அங்க?”
“ஆணி அடிக்கிறோம் சார்” என்றான் இஞ்ஞாசி,
ஏழிலிருந்து தப்பி எட்டில் விழுந்து.

இனி ஓர் ஆணி வேண்டும்.
பரணில் துழாவியதில் நாலங்குலத்தில் ஒன்றுதான்.
அதே குழவியால் அடித்தோம்
பலகை எத்தனை அங்குலம் என்று பார்க்காமல்.

மைதா, முட்டை, வர்க்கித் தூள்.
ஈரத்துக்கு ஒரு கை, உலர்வுக்கு ஒரு கை என்பதெல்லாம் சொல்ல நன்றாயிருக்கும்,
பத்து விரலும் போண்டாவாகி நின்றேன்.
பையடியில் நொறுங்கிய பழைய வர்க்கிதான் இதற்குச் சரி,
லேசான இனிப்பு, அடுக்கடுக்கான பொருக்கு.
எண்ணெயில் ஒரு துகள் போட்டேன், சீறி மிதந்தது.
ஒவ்வொன்றாகத்தான் இறக்கினேன்.
அந்தப் பக்கம் அவருக்கு
மழை மறுபடி பிடித்ததாகத் தோன்றியிருக்கும்.

கடிக்கிற சத்தத்தை நாங்கள் யோசிக்கவேயில்லை.
மொறுக்.
வாயில் வைத்தபடியே நின்றோம்
ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து.
அப்புறம் நிறுத்த முடியவில்லை.

ஒன்றாம் தேதி வாடகை கொடுக்கப் போனேன்.
அவர் பக்கத்துப் பலகையில், காலண்டருக்குக் கீழே
எங்கள் ஆணியின் முனை.
அதில் அவருடைய குரங்குத் தொப்பி.

“அட்வான்ஸில கழிச்சுக்குங்க சார்.”

நோட்டை எண்ணி முடித்தார்.
மறுபடி ஒருதரம் எண்ணினார்.
“லேசா ஆடுது” என்றார்,
“அடுத்த மழைல இன்னும் ரெண்டு போடு போட்டுருங்க.”