முப்பத்திரண்டு

திசையன்விளை தாண்டி, தார் முடிகிற இடத்தில்
இறங்கி நான்கு வால்விலும் குச்சி வைத்து அழுத்துவேன்.
சீறிப் போகும்.
பதினைந்துக்கு வந்ததும் விடுவேன்.
பந்தியில் சம்மணம் போட்டவர் மாதிரி
டயர் அகன்று உட்காரும்.
அப்புறம் தேரி மணல் ஜீப்பை விழுங்காது.

பதினேழாம் நம்பர் காற்றாலை வரைக்கும்
கியர் ஆயிலையும் நாலு பையன்களையும்
கொண்டு சேர்ப்பது என் வேலை.
மாத வாடகை. டீசல் தனி.

திரும்பி வருவதில்தான் வம்பு.
பதினைந்தோடு தாரில் ஓடினால்
டயரின் விலா வெந்து கிழியும்.
போன ஆடியில் ஒன்று கிழிந்தது, ஏழாயிரத்து இருநூறு.
பாதி தருகிறோம் என்றது கம்பெனி.
இன்னும் என்கிறது.

முதலில் ஒரு கால்பம்பு வைத்திருந்தேன்.
பின் டயருக்கு நானூற்றுப் பத்து மிதி.
எண்ணியது நானில்லை, டயரடியில் நிழலுக்கு ஒதுங்கியிருந்த பையன்கள்.
பிறகு சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற ஒன்று.
மூன்றாம் டயரில் புகைந்து மூச்சை விட்டது.
அதைக் குற்றம் சொல்ல முடியாது,
பெட்டியில் சின்ன கார் படம்தான் போட்டிருந்தார்கள்.

சுற்றிலும் முந்நூறு காற்றாலை.
சேலைத் தலைப்பைக் கையிலிருந்து பிடுங்குகிற காற்று.
அதில் ஒரு பிடி டயருக்குள் போகாது.
காற்று வாங்க
வண்ணாரப்பேட்டைக்குப் போனேன்.

"பழைய ஏசி கம்ப்ரசர் ஒண்ணு கெடக்கு,
பெல்ட்டுல கோத்துத் தாரேன்.
இஞ்சின் ஓடுத மட்டும் காத்து ஓடும்,
ரெண்டு நிமிசத்துக்கு ஒரு டயர்" என்றார் பொன்னுதுரை.
"ஆயில் துப்புமே?"
"கொஞ்சம் துப்பும்."
"தேரிக்குள்ள பெல்ட் அறுந்துட்டா?"
அவர் ஸ்பேனரைத் துடைத்தார்.

அவர் மச்சினனுக்கு சோடா கம்பெனி.
கரியமில வாயு உருளை ஒன்றைத் தோளில் தூக்கி வந்து
குழந்தையைப் போல இறக்கினான்.
"சத்தமே இருக்காதுக்கா. மோட்டார் கிடையாது, வயர் கிடையாது."
"தீர்ந்தா?"
"நம்மகிட்ட கொண்டாங்க."
அறுபது கிலோமீட்டர்.

மிச்சம் இருந்தது ஒன்று.
இரண்டு பிஸ்டன், பானெட்டுக்குள் முறுக்கி மாட்டுவது,
பேட்டரியிலிருந்து நேரே தடித்த வயர், நடுவில் ஃப்யூஸ்.
விலைச்சீட்டைப் பார்த்துக் கவிழ்த்து வைத்தேன்.
டீ குடித்துவிட்டு வந்து நிமிர்த்தினேன்.
நாலு டயர், பதினாலு நிமிடம்.
களக்காட்டுக்குக் கடைசிப் பஸ் எட்டேகாலுக்கு.
அதை விட்டால் ஆறுமுகநயினாருக்கு
பஸ் ஸ்டாண்டு பெஞ்சுதான். இந்த மாதம் மூன்று தடவை.
எண்பது மீட்டர் ஏணி ஏறி இறங்கியவன்
காலை நீட்டக்கூட இடமில்லாத பெஞ்சு.
அவனிடம் இதைச் சொல்லவில்லை. எதற்கு?

"ஏ ஜெபக்கனி, மூக்கை எங்கே வைக்க?" என்றார் பொன்னுதுரை,
காற்று இழுக்கும் வாயைக் கையில் பிடித்துக்கொண்டு.
பானெட்டுக்குள் சூடு. வெளியே வைத்தால்
ஆடிக் காற்று மண்ணை அள்ளி ஊட்டிவிடும்,
பத்து நாளில் பிஸ்டன் தேய்ந்து போகும்.
கடைசியில் ரப்பர் குழாயை உள்ளே இழுத்து
டாஷ்போர்டுக்கு அடியில் கட்டினோம்,
டவல்கள் தொங்குகிற பக்கம்.

இப்போது என் டயர்களுக்குள் இருப்பது
கண்ணாடி ஏற்றிவிட்ட ஜீப்பின் காற்று.
கிரீஸ், வியர்வை, ஆரஞ்சு மிட்டாய்,
சீட்டுக் கம்பெனியைப் பற்றிய சண்டை,
யாரோ போனில் தணிந்த குரலில் கேட்ட மன்னிப்பு.
எல்லாவற்றையும் மோட்டார் இழுத்து
நான்காய்ப் பிரித்து அடைத்து வைக்கிறது.
அதன் மேல் ஏறித்தான் ஊருக்குப் போகிறோம்.

நேற்று உடைமரத்தடியில் நிறுத்தி அடித்தேன்,
முள்ளை ஒதுக்கிவிட்டு.
மூன்று டயரும் முப்பத்திரண்டு.
நாலாவது முப்பத்தொன்றைத் தொட்டபோது
ஆறுமுகநயினார் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்,
நான் பார்க்கவில்லை என்று நினைத்து.

போதும் என்று
ஹோஸைச் சுருட்டினேன்.