கணக்கில் வராத வாளி

செவ்வாய்தோறும் காலை ஏழரைக்கு
எல்சிராவின் வாசலில் தண்ணீர் லாரியை நிறுத்துவேன்.
மூன்று பேர் உள்ள வீடு.
ஆளுக்கு நாளொன்றுக்கு ஐம்பது லிட்டர்,
வாரத்துக்கு ஆயிரத்து ஐம்பது.
கூட ஊற்றினால்
நகராட்சியில் கைகட்டி நிற்பது நான்தான்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஆறு
வரைபடத்தில் மட்டும் ஓடுகிறது.
பாலத்துக்கடியில் பையன்கள் கோல்போஸ்ட் நட்டிருக்கிறார்கள்.
எதிர்க்குன்றில் அவகாடோத் தோட்டம்
யார் யார் கிணற்றையோ குடித்துப் பளபளக்கிறது.
அதைப் பற்றி நான் பேசுவதில்லை.
என் மைத்துனன் அங்கே வேலை பார்க்கிறான்.

எல்சிரா முன்னறையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள்.
ஊரார் தலை அலசிய நீர்
பாத்திரம் கழுவிய நீர்
எல்லாவற்றையும் குடித்துவிட்டு
அவளுடைய ஹைட்ரேஞ்சியாக்கள்
ஜனவரியில் ஒரே வாரத்தில் செத்தன,
நன்றி கெட்டவை.

அடுத்த செவ்வாய் கடப்பாரையால்
புல்தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள்.
ரெய்னால்டோ வாசற்படியில் நின்று
"வீட்டுக்கு மொட்டை அடிக்கிறாள்" என்றான் என்னிடம்.
முடி வெட்டுகிறவளுக்குத் தெரியாதா, எது வளரும் என்று?

நாற்றுப்பண்ணைக்கு என் லாரியில்தான் வந்தாள்.
வேலைக்கு ஆள் எடுப்பதுபோல்
ஒவ்வொரு செடியின் முன்னும் நின்றாள்.
கேள்வி ஒன்றுதான்:
நான் உன்னை மறந்துவிட்டால் என்ன செய்வாய்?

மைட்டேன் கிளை தாழ்த்திக் கொஞ்சியது.
அழகுதான், ஆனால் ஈரத்தை விட்டுப் பிரியாது.
வேண்டாம்.
எஸ்பினோ முள்ளைக் காட்டியது.
சரி, வா.
கியாய்க் கன்றின் பட்டை முற்றினால் நீரில் நுரைக்கும்,
கடைக்கு ஆகும் என்றாள்.
கன்று அவள் முழங்கால் உயரம்கூட இல்லை.
சாகுவால் பூக்கப் பத்து வருடம்கூட ஆகலாம்
என்றார் பண்ணைக்காரர், விற்க மனமில்லாதவர்போல.
அவளுக்கு ஐம்பத்தாறு வயது.
இரண்டாக எடுத்துக்கொண்டாள்.

இறங்கும்போதுதான் கேட்டாள்:
"வறட்சி தாங்கும் செடிக்கும்
தாங்கக் கற்றுக்கொள்ள இரண்டு கோடை தண்ணீர் வேண்டுமாம்.
வாரம் ஒரு வாளி கூடப் போடுவாயா?"
முடியாது என்றேன்.
முடியாதுதான்.
அவள் கோபித்துக்கொள்ளவில்லை,
அதுதான் வண்டி ஓட்டும்போது உறுத்தியது.

பதினெட்டு வருடம் இந்தக் குழாயைச் சுருட்டுகிறேன்.
வால்வை மூடிய பிறகும்
குழாயின் வயிற்றில் கொஞ்சம் நீர் நிற்கும்,
எப்போதும் தெருவில்தான் வடிப்பேன்.
மீட்டருக்கு அது தெரியாது.
அடுத்த செவ்வாயிலிருந்து
குழாயின் வாய் எதேச்சையாகக்
கியாயின் காலடியில் கிடந்தது.
அவளும் எதேச்சையாக ஜன்னலைச் சாத்தினாள்.

வேலியோரம் அழைக்காமலே ஒரு லித்ரே முளைத்தது.
நான் அளப்பது லித்ரோ, அது லித்ரே,
ஓரெழுத்துப் பகை.
உரசினால் உடம்பெல்லாம் கொப்புளம்.
என் முழங்கை ஒரு வாரம் வெந்தது.
"வெட்டு" என்றான் ரெய்னால்டோ.
"யாரிடமும் ஒரு சொட்டு கேட்காத ஒரே ஆள் அது" என்றாள் எல்சிரா.
வழி ஒன்று உண்டாம்:
மரத்துக்குத் தலைகீழாக வணக்கம் சொல்ல வேண்டும்,
காலையில் போனால் மாலை வணக்கம்.

மூன்றாவது கோடை.
குழாயைக் கியாயிடம் இழுத்தபோது
கையைப் பிடித்து நிறுத்தினாள்.
"போதும். கெடுத்துவிடாதே."
கன்று என் தோளைத் தொட்டிருந்தது.
அதன் கீழே மண் ஓடுபோல் வெடித்திருந்தது,
இலை ஒன்றும் சுருளவில்லை.

குழாயில் நீர் இருக்கிறது.
தெருவில் வடிக்க மனம் வரவில்லை.
அடுத்த வீட்டு ஓஸ்வால்டோவின் ரோஜாவுக்கா?
அது இந்த மாதமே போய்விடும்.
வாளியில் பிடித்து வண்டியில் ஏற்றினேன்,
திருப்பம்தோறும் தளும்பித் தளும்பி
என் செருப்பை நனைத்தது.

புறப்படுமுன் வேலியைப் பார்த்து,
ரெய்னால்டோ பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு,
காலை எட்டு மணி வெயிலில் தொப்பியைக் கழற்றினேன்:
மாலை வணக்கம், லித்ரே ஐயா.