சோறு எறங்கல

இங்கிலீஷ் கேட்லாக்குக்கு ஒரு வரி வேண்டும், திங்களுக்குள்:
என் நாவல் வாசகரிடம் எப்படிப் போயிற்று.

"வரவேற்பைப் பெற்றது" என்று கொடுத்தேன்.
பெற்றது, வாங்கியது, கிடைத்தது
எதுவும் அங்கே ஒட்டாது என்றாள் ஹெப்சிபா.
அயனாவரத்து மாடியறை.
கரண்ட் வேறு இல்லை.

'வென்ட் டவுன் வெல்' போடலாமா?
கீழே போனால் நல்லதா?
நன்றாகப் போனால் நல்லது.
'ஃபெல் ஃப்ளாட்'?
வேளச்சேரியில் ஃப்ளாட் வாங்குவார்கள்.
இது விழுவது.

போனது இருநூற்றுப் பதினேழு பிரதி.
மிச்சம் என் கட்டிலுக்கடியில்
விழுந்தும் விழாமலும்.

அப்போதுதான் சொன்னேன்,
வியாசர்பாடி மின்வாரிய கவுண்டரில்
சில்லறையைத் தள்ளிக்கொண்டே
கமலவேணி கேட்டதை:
"அந்தப் புள்ளைய ஏன் சார் சாவடிச்சீங்க?
ராத்திரி சோறு எறங்கல."

ஹெப்சிபா பேனாவை மூடினாள்.
திறந்தாள்.
"இறங்கலேன்னா
அவங்க ஊர்ல அது தோல்வி."

தெருவில் தண்ணி லாரி ஹாரன்.
குடங்களோடு இறங்கிப் போனாள்.

தாளில் முதல் இரண்டு சொல்லை அடித்திருந்தாள்.
மிச்சமிருந்த 'வெல்'லைத்
தமிழில் படித்துப் பார்த்தேன்.
கமலவேணியிடம் சொன்னால்
சிரிப்பாள்.