சுத்தம்

முதல் ஆல்பத்தைத் தோருன் சமையலறையில் பதிந்தாள்.
பாட்டுக்கு அடியில் பழைய ஃபிரிட்ஜ்
முனகிக்கொண்டே இருக்கும்.
பெர்கன் நகரமே கேட்டு அழுதது.

இரண்டாவது என்னிடம் வந்தது.
பதினாறு மைக். பஞ்சு பொதிந்த சுவர்.
கூரையில் மழை விழுந்தால் பதிவை நிறுத்துவேன்,
பெர்கனில், அதுவும் அக்டோபரில்.
நாற்காலி கிரீச்சிட்டதை எடுத்தேன்.
அவள் எச்சில் விழுங்கியதை எடுத்தேன்.
மூச்சுகளைப்
பேன் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக.

வெள்ளிக்கிழமை நாளிதழில் வழக்கமான பகடைப் படம்:
மூன்று புள்ளி.
'ஒலிப்பதிவு சுத்தம்' என்று ஒரு வரி.
பாராட்டென்று நினைத்து
இரண்டு முறை படித்தேன்.

தோருன் ஒன்றும் சொல்லவில்லை.
விற்காத இசைத்தட்டுப் பெட்டிகளை
என்னோடு மாடிக்குத் தூக்கி வந்தாள்.
படியில் முழங்கால் இடித்ததும்
ஒரு கெட்ட வார்த்தை கத்தினாள்.
அடடா, என்ன குரல்!

மார்ச்சில் அவளுக்கொரு அஞ்சலட்டை.
படகுத்துறையில் கார்களுக்குக் கைகாட்டும் ஓட்வார் என்பவர்:
"ஆறாவது பாட்டு, இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
ஒரு மூச்சு வாங்குகிறீர்களே,
அதற்காகவே தினமும் போடுகிறேன்."

எனக்குத் தப்பிய மூச்சு.
கோப்பைத் திறந்து தேடினேன்.
இருந்தது, கடுகளவு.
பழக்கதோஷம்,
விரல் அழிக்கும் பொத்தான்மேல் போய்
நின்றது.