பதினான்கு நொடி நீலம்

பன்னிரண்டு கிலோ இருக்கும்.
போதையேறிய நண்பனைக் கூட்டிவருவதுபோல்
இடுப்போடு அணைத்து, திட்டிக்கொண்டே,
உறைந்த படிகளில் ஏற்றினேன்.
டுலூத்தில் அது
கார்க்கதவே திறக்க மறுத்த ஜனவரி.

அடகுக்கடை கோஸ்கெலா சொல்லியனுப்பியது:
"பெரிய தட்டும் ஓடும், சின்னத் தட்டும் ஓடும்.
இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது.
அது தெரியாமல் வாங்கின ஒருத்தர்
திரும்பக் கொண்டுவந்ததுதான் இது."

இழுப்பறை நாக்கை நீட்டும்போது
முழ அகலத்துக்கு ஒரு வட்டப் பள்ளம்,
அதன் நடுவில் உள்ளங்கை அளவில் இன்னொன்று.
ஐலா தன் காப்பிக் கோப்பையை அதில் வைத்துப் பார்த்தாள்.
சரியாக உட்கார்ந்தது.
"இதற்கே நாற்பது டாலர் தகும்" என்றாள்.

பெரிய தட்டில் ஒரு பக்கம் ஒரு மணி நேரம்.
அது தீர்ந்ததும் திரை நீலமாகும்.
எழுந்துபோய்த் திருப்பவேண்டாம்;
உள்ளே லேசர் தானாகவே
கீழிருந்து மேலே ஏறிக்கொள்ளும்.
நறநறவென்று ஒரு சத்தம்.
தட்டு நிற்கும், யோசிக்கும்,
எதிர்த்திசையில் சுழலத் தொடங்கும்.
பதினான்கு நொடி. எண்ணியிருக்கிறேன்.

துறைமுகத்தில் எனக்கு இரவு வேலை.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பகல்.
வெள்ளிக்கிழமை ஒரு படம்.
பெரிய தட்டுகள் எங்களிடம் நாலே நாலு, எனவே
பெரும்பாலும் அதே படம்.
மழைக்கோட்டுக்காரன் ஒருவன் மாடிப்படி ஏறுவான்,
மூன்றாம் படிக்குக் காலைத் தூக்குவான்,
நீலம்.

படகை விற்றுவிட்டதை அதில்தான் சொன்னேன்.
இரண்டாம் பரிசோதனைக்கு வரச்சொல்கிறார்கள் என்று
அவள் சொன்னதும் அதில்தான்.
"எப்போது?" என்பதற்குள்
அவன் கால் படியில் இறங்கிவிட்டது.
"செவ்வாய்" என்பது
பல் தேய்க்கும்போது கிடைத்தது.
(செவ்வாய் நல்லபடியாகப் போனது.)

பதினான்கு நொடிக்குள் கேட்கும் மன்னிப்பில்
"ஆனால்" நுழைய இடமில்லை.
நான் பழகிக்கொண்டேன்.
வாரம் முழுதும் ஒரு வாக்கியத்தைச்
சட்டைப்பையில் வைத்துத் தேய்த்து
வெள்ளிக்கிழமைக்குள் சின்னதாக்கிவிடுவேன்.

பிறகு அவள் அதே படத்தைச்
சின்னத் தட்டில் வாங்கிவந்தாள்.
எட்டு டாலர். கீறலில்லை, புள்ளியில்லை.
மழைக்கோட்டு உண்மையில் பச்சை நிறம் என்று
ஏழு வருஷத்துக்குப் பிறகு தெரிந்தது.

அவன் முதல் படி ஏறினான்.
இரண்டாம் படி.
காலைத் தூக்கினான்,
நாங்கள் இருவரும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பி
வாயைத் திறந்தோம்.

படம் நிற்கவில்லை.

அவன் மூன்றாம் படியில் மிதித்தான், நான்காம் படியில்,
மாடிக்கே போய்விட்டான்.
எங்கள் வாய் அப்படியே.
சின்னத் தட்டும் எங்கோ ஓரிடத்தில்
அரை நொடி திக்கத்தான் செய்தது.
அதில் ஒரு "ம்" கூடப் போடமுடியாது.

நிறுத்தும் பொத்தான் இருக்கிறதே என்பீர்கள்.
இருக்கிறது.
இயந்திரம் தானாக நின்றால் இடைவேளை.
மனைவி நிறுத்தினால்,
என்ன தப்பு செய்தேன் என்று
வயிறு தேடத் தொடங்கிவிடும்.

ஏப்ரலில் ஏரி திறந்தது.
அந்த வெள்ளிக்கிழமை அவளே பெரிய தட்டை எடுத்து வைத்தாள்.
ஓரமெல்லாம் அழுகத் தொடங்கி
திரையில் வெள்ளைப் பொறிகள்;
வெயிலிலும் பனி பெய்தது அவனுக்கு.
கோட்டு மறுபடி சாம்பல்.
கால் உயர்ந்தது. நீலம்.

"நீ சொல்" என்றோம் இருவரும் ஒன்றாக.
இரண்டு நொடி போனது.
தூக்குப்பாலத்தின் கீழ்
தாதுக்கப்பல் ஒன்று நீளமாக ஊதியது.
அதில் ஆறு.

மிச்சத்தில் அவள் சொன்னாள்:
"எனக்கு இந்தப் படம் பிடிக்கவே பிடிக்காது."

"எனக்கும்" என்றேன்.

கால் படியில் இறங்கியது.