ஆறு ஷில்லிங்

திரு. ஹெப்பிள்வைட் அவர்களுக்கு,
உங்கள் கடிதம் கிடைத்தது.
நல்ல தாள். கனமான உறை.
பூனை இப்போது அதன்மேல்தான் படுத்திருக்கிறது.

'பாதி வீடு' தொடரின் முகப்பிசை
உண்மையில் என்னுடையது என்கிறீர்கள்.
இசைத்தாளில் லயனல் க்ராப்ட்ரீ கையெழுத்துப் போட்டார்,
நான் போடவில்லை,
அதனால் ஐம்பது வருடத்துப் பணம்
எங்கோ தேங்கி நிற்கிறது என்கிறீர்கள்.
தேங்கி நிற்பதைப் பற்றி
எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஹாலிஃபாக்ஸில், மிஸஸ் கேதர்கோலின் விடுதியில்,
மாடிக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி
சங்கிலியை இழுத்தவுடன் கொட்டாது.
முதலில் யோசிக்கும்.
பொம்.
பொபொம்.
பிறகு தொண்டையைச் செருமி
மூன்று படி இறங்கி, ஒரு படி ஏறி,
புர்ர்ரென்று மனம் மாறும்.
இரண்டு குளிர்காலம்
அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தூங்கினேன்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் விரல் சூடேற
என் பஸ்ஸூனில் அதைத்தான் ஊதிக்கொண்டிருந்தேன்.
க்ராப்ட்ரீ சிகரெட்டோடு வந்து நின்றார்.
"என்ன அது?"
"ஒன்றுமில்லை."
பதினோரு ஆண்கள் இருக்கும் அறையில்
கழிப்பறை என்று அன்று எப்படிச் சொல்வேன்?
அந்த ஒன்றுமில்லையைத்தான்
அவர் எழுதிக்கொண்டார்.

கதை மட்டும் சொந்தமா?
ஒரே வீடு, முகம் பார்க்காத அண்ணன் தம்பி,
நடுவே சாக்கட்டிக் கோடு,
அடுப்பு ஒருவன் பக்கம், கெட்டில் மற்றவன் பக்கம்.
எழுதிய மோரிஸ் டட்டன்
தன் சித்திகள் இருவரையும் கோட்டோடு தூக்கி வந்து
மீசை ஒட்டிவிட்டார், அவ்வளவுதான்.
சித்திகள் வாராவாரம் பார்த்தார்கள்,
தனித்தனித் தொலைக்காட்சியில்.
இப்படியும் மனிதர்கள் உண்டா என்று
விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

பிறகு கோடு கடல் தாண்டியது.
பிட்ஸ்பர்க்கில் சகோதரர்கள்
விவாகரத்தான தம்பதி ஆனார்கள்;
சாக்கட்டி சிவப்பு டேப் ஆனது.
டென்மார்க்கில் ஒருவர் பாதிரியார், ஒருவர் கம்யூனிஸ்ட்;
கோடு அங்கே கம்பளத்துக்கு அடியில்,
நாகரிகமாக.
ஊரான் வீட்டு நெய்,
ஆளுக்கொரு கரண்டி.
என் தொட்டியும் கூடவே போனது.
பிட்ஸ்பர்க்கில் சாக்ஸபோன்,
பணம் தர வேண்டாமே என்று
இரண்டு சுரம் மாற்றி.
கோபன்ஹேகனில் அக்கார்டியன்.
ஒருமுறை அங்கே ஹோட்டல் லிஃப்டில் கேட்டேன்;
கால் இரண்டும்
ஹாலிஃபாக்ஸின் சில்லிட்ட தரையில் நின்றன.

யார்மேல் வழக்குப் போடுவீர்கள்?
விடுதி இருந்த இடத்தில் டயர் கடை.
தொட்டிக்கு வாரிசு இல்லை.
அதன் தண்ணீரே
பென்னைன் குன்றுகளிடம் வாங்கியது.

ஆனால் ஒன்று.
முடிவில் ஒரு கீச்சல் வரும், கவனித்தீர்களா?
எல்லாம் அடங்கியபின்,
வாத்தின் காலை யாரோ மிதித்ததுபோல்.
அது தொட்டி அல்ல. க்ராப்ட்ரீயும் அல்ல.
என் ரீட் பிளந்துபோனது.
ஐந்தடிக்க நான்கு நிமிடம்;
ஐந்துக்கு மேல் எல்லோருக்கும் கூடுதல் சம்பளம்.
"போதும், யார் கவனிக்கப் போகிறார்கள்" என்று
விளக்கை அணைத்தார்கள்.

கவனித்தார்கள்.
சுரத்தை மாற்றிய அமெரிக்கர்
கீச்சலை மாற்றவில்லை.
அக்கார்டியனில் அது வரவே வராது;
அந்த டேனிஷ்காரர்
எதையோ கிழித்திருக்க வேண்டும்.
போன வாரம் பல் மருத்துவரின் வரவேற்பறையில்
ஒரு பையன், தொடர் முடிந்தபோது
அவன் அப்பாகூடப் பிறந்திருக்க மாட்டார்,
வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
பொம் பொபொம் என்று முனகி
சரியான இடத்தில் கீச்சினான்.

அது என்னுடையது.
அதற்கு மட்டும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஹெஸ்டர் ஓல்ட்ராய்ட்

பி.கு.: அந்த ரீட் ஆறு ஷில்லிங்.
திங்கட்கிழமை தருவதாக
க்ராப்ட்ரீ சொல்லியிருந்தார்.